கஜாவுக்குப் பிறகு நான்கு வீடுகள்: தன்னார்வலர்களை வைத்துக் கட்டிய அனுபவம்

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, நகராமல் நின்று, டெல்டாவை விடாமல் நனைத்தது. மழை ஓய்ந்ததும் வேதாரண்யம் வட்டாரத்தில் நாங்கள் கட்டிய நான்கு வீடுகளிலும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். மூன்று வீடுகளில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. இரண்டாவது வீட்டில் மட்டும் வடகிழக்கு மூலையில், இரண்டு தகடுகள் மேலடுக்காகச் சேரும் இடத்தில் நீர் இறங்கியிருந்தது. சுவர், சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட், போல்ட், கூரைச் சட்டம் எல்லாம் போட்டபடியே இருந்தன. பெருங்காற்றுக்கு இன்னும் சோதனை வரவில்லை. ஆனால் மழைக்கு வந்த சோதனையில் பெரும்பாலும் தேறியாயிற்று. கணக்கு நோட்டும் அளவுத் தாள்களும் கைவசம் இருக்கும்போதே எழுதிவைத்தால், அடுத்த புயலுக்குப் பின் ஆள் திரட்டி வீடு கட்டக் கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக முறிந்ததால் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நாங்கள் போன ஊரில் குடிசைகளில் சுவர் மட்டும் நின்றது, அல்லது அதுவும் இல்லை. அதே ஊரில் பனைகள் அப்படியே நின்றன.

முதலில் செய்தது வீடு கட்டும் வேலை அல்ல, வழி திறக்கும் வேலை. இரண்டு செயின்சா வாடகைக்கு எடுத்தோம். தென்னையை அறுப்பது மாமரம் அறுப்பதுபோல் இருக்காது. நார் இறுக்கம், அதோடு தண்டில் ஒட்டியிருக்கும் மணல். சங்கிலியின் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் மணலைத் தேய்த்துவிட்ட பிறகு அறுத்தபோது சங்கிலி இரண்டு மடங்கு நேரம் உழைத்தது. உருண்டை அரத்தால் பல் தீட்டத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தது பெரிய வசதி. ஆணி, கண்ணாடி, தகரம் எல்லாம் மண்ணில் புதைந்து கிடந்தன. செருப்போடு வந்தவர்களை அந்த வேலைக்கு விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்தால்தான் இடிபாட்டில் இறங்கலாம் என்று விதி வைத்தோம். அந்த விதியை இனி எங்கு போனாலும் மாற்றப்போவதில்லை.

சாய்ந்த தென்னைகளைப் பார்த்தவர் எல்லாரும் கேட்ட கேள்வி: இவ்வளவு மரம் கிடக்கிறதே, இதையே கூரைக்குப் போடலாமே? ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுப் பார்த்தோம். முற்றிய மரத்தின் வெளிவட்டம் மட்டும்தான் கறுத்து இறுகியிருக்கும். உள்ளே பஞ்சு. வெளிவட்டத்தை மட்டும் பிரித்து அறுக்கும் பட்டறை பக்கத்தில் இல்லை, பதப்படுத்தவும் வழியில்லை. முழுத் தண்டை நான்காகப் பிளந்து போட்ட கைமரங்கள் அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் பொடிய ஆரம்பித்தன. அந்தக் கொட்டகைக்குப் பிறகு பனங்கை, அதாவது பனையில் அறுத்த கைமரம், வாங்கிப் போட்டோம். தென்னை பெரும்பாலும் செங்கல் சூளைக்கு விறகாகப் போனது.

2018 டிசம்பர் முழுக்கத் தார்ப்பாய்க் கூடாரம்தான். வடகிழக்குப் பருவமழை முடியாமல் வானம் (அடித்தளக் குழி) தோண்டினால் மணல் சரிந்துகொண்டே இருக்கும் என்று மேஸ்திரி உறுதியாகச் சொன்னார். இந்த இடைவெளியைப் பட்டா பார்க்கப் பயன்படுத்தினோம். புறம்போக்கில் இருந்த குடும்பங்களுக்கு நிரந்தர வீடு கட்டினால் பிறகு இடித்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் பட்டா இருந்த நான்கு குடும்பங்களுக்குத்தான் செங்கல் வீடு கட்ட முடிந்தது. மற்றவர்களுக்குப் பனங்கையும் கீற்றும் வைத்துக் குடிசைகளைத் திருப்பிக் கட்டினோம். மிகவும் தேவைப்பட்டவர்களிடம்தான் பட்டா இல்லை. இந்த வேலை முழுவதிலும் இன்றுவரை மனதில் உறுத்துவது அதுதான்.

வீட்டின் அளவு

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். உள்ளளவு 12 அடிக்கு 15 அடி ஓர் அறை. ஒன்பது அங்குலச் சுவர். வெளியளவு 13 அடி 6 அங்குலத்துக்கு 16 அடி 6 அங்குலம், ஏறக்குறைய 223 சதுர அடி. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பேஸ்மெண்ட். இருபக்கச் சரிவுக் கூரை, சாய்வு 30 பாகை. சமையலறை தனியாக வெளியே.

அவர் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் சில இருந்தன. பேஸ்மெண்ட் மட்டத்தில், கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில், சுவர் உச்சியில் என மூன்று சுற்று கான்கிரீட் பெல்ட். நான்கு மூலைகளிலும் வாசலின் இருபக்கத்திலும் அடித்தளத்திலிருந்து உச்சி பெல்ட் வரை நிற்கும் 12 மில்லி கம்பி. கூரைச் சட்டத்தை உச்சி பெல்ட்டில் புதைத்த போல்ட்டில் இறுக்குவது. தாழ்வாரக் கூரையைப் பெரிய கூரையோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுவது. காற்று முதலில் தாழ்வாரத்தின் அடியில் புகுந்துதான் தூக்கும். தாழ்வாரம் தனியாக இருந்தால் அது மட்டும் போகும், வீட்டுக் கூரை தப்பிக்கும்.

கூரை சுவருக்கு வெளியே ஓரடிக்கு மேல் நீளக்கூடாது என்பதை வீட்டுக்காரர்கள் ஏற்கவில்லை. "வாசலில் நிழல் இல்லாமல் என்ன வீடு, தம்பி?" என்று ஓர் அக்கா கேட்டார். அவர் கேட்டது நியாயம். பகல் முழுக்க அவர்கள் வாழ்வது வாசலில்தான். சுவரைத் தொடாமல் சவுக்குக் கால் நட்டு, கீற்றுப் பந்தல் தனியாகப் போட்டுக் கொடுத்தோம். பந்தல் பறந்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

வானம் தோண்டுதல்

சுவரின் நடுக்கோட்டு நீளம் 57 அடி. இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழம். மொத்தம் 285 கன அடி மண். தன்னார்வலர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பயிற்சி வேண்டியதில்லை, தவறு நடந்தாலும் திருத்திவிடலாம், நாள் முடிவில் கண்ணுக்குத் தெரியும். மூலை மட்டம் மட்டும் மேஸ்திரி பிடித்தார். கயிற்றில் மூன்றடி, நான்கடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்க்கும் பழைய முறைதான். அதோடு இரு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளந்து சரிபார்த்தோம். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கயிற்றைப் பிரித்து மறுபடி கட்டினோம். இங்கே அலட்சியமாக இருந்தால் கூரைத் தகடு போடும்போது முக்கோணமாக வெட்டி ஒட்டவேண்டியிருக்கும்.

மணல் பூமியில் குழியின் பக்கச்சுவர் மதியத்துக்குள் காய்ந்து சரியும். காலையில் தோண்டி, அன்றே தண்ணீர் விட்டுத் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு, ஆறங்குல ஜல்லிக் கான்கிரீட்டையும் போட்டு முடிப்பது நல்லது. ஒரு வீட்டில் சனிக்கிழமை தோண்டிவிட்டு ஞாயிறு கான்கிரீட் என்று பிரித்தோம். ஞாயிறு காலை பாதி வேலை மணலைத் திரும்ப அள்ளுவதாகவே போனது.

பேஸ்மெண்ட் எழுப்பிய பிறகு உள்ளே நிரப்ப 360 கன அடி மண் தேவைப்பட்டது. ஆறங்குலத்துக்கு ஓர் அடுக்கு, தண்ணீர், திமிசு, அடுத்த அடுக்கு. கல்லூரிப் பிள்ளைகள் இதை அருமையாகச் செய்தார்கள். திமிசு போடுவதில் மூச்சு வாங்கும், ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினோம். இன்றுவரை எந்த வீட்டின் தரையும் உள்வாங்கவில்லை.

உப்புத் தண்ணீர்

வேதாரண்யம் பக்கம் கட்டட வேலையில் பெரிய எதிரி காற்று அல்ல, தண்ணீர். உப்பளங்கள் இருக்கும் ஊர். ஆழ்துளைக் கிணற்று நீரை நாக்கில் வைத்தாலே கரிக்கும். சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில் ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு 1,100 மில்லிகிராம் குளோரைடு இருந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். அதனால் அடித்தள ஜல்லிக் கான்கிரீட்டுக்குக் கிணற்று நீர், மூன்று பெல்ட்டுகளுக்கும் அவற்றை நீராற்றுவதற்கும் (இறுகும்வரை காயாமல் நனைத்து வைப்பதற்கும்) நன்னீர்க் குளத்திலிருந்து டேங்கரில் கொண்டுவந்த நீர் என்று பிரித்தோம். மூலைக் கம்பியைச் சுற்றி நிரப்பிய கலவைக்கும் நல்ல நீர்தான். தண்ணீர்த் தொட்டிகளில் சிவப்பு, பச்சை பெயிண்ட் அடித்து வைத்தோம். புதிதாக வருகிற தன்னார்வலருக்குக் காலையில் சொல்லும் முதல் செய்தி இதுதான்: பெல்ட் கலவைக்குப் பச்சைத் தொட்டி மட்டும். கடல் மணலை யாராவது நல்லெண்ணத்தில் அள்ளிக்கொண்டு வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

செங்கல்லைப் போடும் முன் ஊறவைக்க வேண்டும். தொட்டி இல்லை. நிவாரணத்தில் வந்த தார்ப்பாய் ஒன்றைக் குழியில் விரித்து நீர் நிரப்பினோம். ஒரே நேரத்தில் முந்நூறு கல் ஊறும். காலை ஆறு மணிக்கு இரண்டு பேர் வந்து இந்த வேலையைத் தொடங்கிவிட்டால் கொத்தனார்கள் எட்டு மணிக்குக் கரண்டி பிடிக்கும்போது கல் தயாராக இருக்கும்.

கல் வந்த நாள்

ஒரு வீட்டுக்கு 7,000 செங்கல். ஒன்று மூன்று கிலோ என்றாலும் 21 டன். தார்ச்சாலையிலிருந்து வீட்டு மனை 150 அடி உள்ளே இருந்தது. லாரி மணலில் இறங்கினால் புதைந்துவிடும். முப்பத்தைந்து பேர் நான்கடிக்கு ஒருவராக எதிரெதிர் திசை பார்த்து நின்று, இரண்டிரண்டு கல்லாகக் கைமாற்றினோம். ஒரே பக்கம் பார்த்து நின்றால் இடுப்பைத் திருப்பித் திருப்பி அரைமணியில் வலி வந்துவிடும். எதிரெதிராக நின்றால் கை மட்டும் போய்வரும். ரப்பர் பூசிய நூல் கையுறை ஜோடி 40 ரூபாய். அது இல்லாமல் யாரையும் வரிசையில் நிற்கவிடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் கல் முழுக்க மனைக்கு வந்துவிட்டது. அதே வேலையைத் தலைச்சுமையாக நான்கு சித்தாள்கள் செய்தால் பல நாள் ஆகும், கழுத்தும் போய்விடும். தன்னார்வலர் கூட்டம் முழுமையாகப் பயன்படுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

சுவர் எழுப்பும்போது அதே முப்பத்தைந்து பேர் வந்தார்கள். மேஸ்திரி என்னைத் தனியே அழைத்து, "தம்பி, இத்தனை பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு கொத்தனாருக்குக் கல் கொடுக்க ஓர் ஆள், கலவை கொடுக்க ஓர் ஆள், கலவை போட ஓர் ஆள். அதற்கு மேல் நின்றால் சாரத்தில் இடிப்பார்கள்" என்றார். மூன்று கொத்தனார்கள், அதிகபட்சம் ஒன்பது பேர். மீதி இருந்தவர்கள் நிழலில் நின்றார்கள். பஸ் ஏறி வந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போவது அவர்களுக்கும் வருத்தம், சாப்பாட்டுச் செலவும் அதேதான். பிறகு வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். வானம் தோண்டுவது, மண் நிரப்புவது, கல் கடத்துவது, பெயிண்ட் அடிப்பது ஆகியவற்றுக்குப் பெரிய கூட்டம். சுவர், பெல்ட், கூரைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் கிடையாது. வர விரும்புகிறவர்களிடம் தேதியோடு சேர்த்து அன்றைய வேலையையும் முன்கூட்டியே சொன்னோம்.

முதல் வீட்டில் செங்கல்லைச் செங்குத்தாக வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைத் தொடங்கினோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை. கல்லில் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும் என்பதால் ஆசைப்பட்டோம். ஆனால் அதற்குச் சம அளவுள்ள சேம்பர் கல் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது நாட்டுக் கல். விளிம்பு கோணல், நீளத்தில் கால் அங்குல வித்தியாசம். மூன்று வரிசை ஏறியதும் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் சுவர் அலைந்தது. கொத்தனார்களுக்கும் பழக்கமில்லை. பிரித்துவிட்டு வழக்கமான ஒன்பது அங்குலக் கட்டுக்கே திரும்பினோம். அந்த முறை நல்ல முறைதான், ஆனால் கல்லும் கையும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். புயலுக்குப் பிந்தைய அவசரத்தில் புது முறை கற்றுக்கொடுக்க நேரமில்லை.

வாரநாள்களில் நீராற்றுவது யார்? தன்னார்வலர் வருவது சனி, ஞாயிறு. ஞாயிறு போட்ட பெல்ட்டுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை தண்ணீர் வேண்டும். இதை வீட்டுக்காரர்களிடம் ஒப்படைத்தோம். கோணிச்சாக்கு விரித்து, காலை மாலை இரண்டு வேளையும் நனைத்தார்கள். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நான்கு வீடுகளில் ஒரு விரிசல்கூட இல்லாத பெல்ட் அந்த வீட்டில்தான்.

கூலி

இரண்டாவது வீட்டுச் சுவர் பாதி ஏறியிருந்தபோது, பக்கத்துத் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் வந்து நின்று பார்த்தார். "நீங்கள் சும்மா வந்து மண் சுமந்தால் எங்களுக்கு வேலை யார் கொடுப்பார்கள்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தென்னை போனதால் காய் பறிப்பு, மட்டை உரிப்பு, கீற்று முடைதல் எல்லாம் நின்றுபோயிருந்தது. அந்த ஊரில் அப்போது கைக்கூலி கிடைக்கக்கூடிய ஒரே இடம் கட்டட வேலைதான். அதை நாங்கள் வெளியூரிலிருந்து வந்து இலவசமாகச் செய்துகொண்டிருந்தோம்.

அன்று மாலையே பேசி முடிவெடுத்தோம். மூன்றாவது வீட்டிலிருந்து கல், கலவை கொடுக்கும் வேலைக்கு ஊரிலேயே ஆள் வைத்தோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, 500 ரூபாய். அந்த வட்டாரத்தில் பெண்களுக்குக் குறைத்துக் கொடுப்பது வழக்கம் என்பதால் சில சலசலப்பு வந்தது. நாங்கள் மாற்றவில்லை. தன்னார்வலர்கள் கூட்ட வேலைகளுக்கு மட்டும் வந்தார்கள்.

கணக்கு என்ன சொன்னது என்று பாருங்கள். முதல் இரண்டு வீடுகளில் வீட்டுக்குக் கொத்தனார் கூலி 38,000, தன்னார்வலர் சாப்பாடும் பயணமும் 18,000, ஆக 56,000 ரூபாய். அடுத்த இரண்டில் கொத்தனார் கூலி 34,000, சித்தாள் கூலி 17,000, தன்னார்வலர் செலவு 6,000, ஆக 57,000. கொத்தனார் கூலி குறைந்ததற்குக் காரணம் சித்தாள்களின் வேகம். கலவை எப்போது தீரும், எந்தக் கல் எப்போது வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவழித்ததில் 17,000 ரூபாய் அந்த ஊர் அடுப்புகளுக்குப் போனது. சதுர அடிக்கு 300 ரூபாய் என்று ஒப்பந்தக்காரர் கேட்ட வேலைக்கூலி ஏறக்குறைய 67,000. தன்னார்வலர்களால் மிச்சமானது நாங்கள் ஆரம்பத்தில் நினைத்ததில் மிகச் சிறு பங்குதான்.

கூரை

இரண்டு அங்குல இரும்புக் குழாயில் நான்கு முக்கோணச் சட்டங்கள், ஐந்தரை அடிக்கு ஒன்று. வேதாரண்யத்தில் ஒரு பட்டறையில் பற்றவைத்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு இரண்டு கை, அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடித்த பிறகே மனைக்குக் கொண்டுவந்தோம். மனையில் பற்றவைப்பு எதுவும் இல்லை, எல்லாம் போல்ட். பற்றவைத்த இடத்தில் பெயிண்ட் கருகும், அந்த இடத்தை உப்புக்காற்று முதலில் தின்னும்.

முதல் வீட்டில் உச்சி பெல்ட்டில் போல்ட் புதைத்தபோது கான்கிரீட்டைக் குத்திவிட்டதில் இரண்டு போல்ட் நகர்ந்து, சட்டத்தின் அடித்தகட்டுத் துளையோடு பொருந்தவில்லை. துளையை நீட்டி, பெரிய வாஷர் போட்டுச் சமாளித்தோம். அடுத்த வீட்டிலிருந்து பிளைவுட்டில் அடித்தகட்டின் அச்சு வெட்டி, நான்கு போல்ட்டையும் அதில் மாட்டி, பெல்ட்டின் பலகையோடு ஆணி அடித்துவிட்டுத்தான் கான்கிரீட் போட்டோம். பிளைவுட் துண்டுக்கு 60 ரூபாய். அந்தத் தொல்லை பிறகு வரவில்லை.

தகடு அரை மில்லி கனம், வெள்ளை நிறம், ஒன்பதடி நீளம், பக்கத்துக்கு ஆறு. கடற்காற்று மதியத்தில் எழும். ஒன்பதடித் தகட்டைப் பிடித்துக்கொண்டு சாரத்தில் நிற்கிறவரை அது தூக்கிவிடும். எனவே காலை ஆறு முதல் பதினொன்று வரை மட்டும் கூரை வேலை. மேலே பட்டறைக்காரர்கள் இருவரும், இடுப்புக் கச்சையும் தலைக்கவசமும் அணிந்த பயிற்சி பெற்ற இருவரும் மட்டும். தன்னார்வலர் எல்லாரும் கீழே. எவ்வளவு ஆசையோடு கேட்டாலும் யாரையும் மேலே விடவில்லை.

முகட்டிலும் கீழ் விளிம்பிலும் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு திருகு. நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. புயல் கூரையை விளிம்பிலிருந்துதான் உரிக்கிறது. வீட்டுக்கு ஏறக்குறைய 300 திருகு ஆனது.

இரண்டாவது வீட்டின் ஒழுகலுக்கு வருகிறேன். அங்கே மழை வருவது வாடைக் காற்றோடு, வடகிழக்கிலிருந்து. தகடு அடுக்குவதைத் தென்மேற்கு ஓரத்தில் தொடங்கி வடகிழக்கு நோக்கிப் போனால், மேலடுக்கின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். இரண்டாவது வீட்டில் சாரம் நின்ற பக்கம் வசதி என்று வடகிழக்கு மூலையில் தொடங்கியிருந்தார்கள். எல்லா மேலடுக்கின் வாயும் மழையைப் பார்த்துத் திறந்திருந்தது. சாதாரண மழைக்குத் தெரியவில்லை, புரெவி காட்டிக் கொடுத்தது. இப்போது அந்த இணைப்புகளில் நீர் புகாத பியூட்டைல் ரப்பர் பட்டை ஒட்டி, இடையில் கூடுதல் திருகு போட்டிருக்கிறோம். தகட்டுக்குக் கீழே மூங்கில் தட்டி கட்டியதால் வெயில் தாங்கும்படி இருப்பதாக நான்கு வீட்டிலும் சொல்கிறார்கள்.

செலவு, ஒரு வீட்டுக்கு

செங்கல் 52,500. சிமெண்ட் 60 மூட்டை, 22,200. மணல் நான்கு யூனிட், 22,000. ஜல்லி 6,750. கம்பி 130 கிலோ, 6,760. கூரைத் தகடு சுமார் 18,100. இரும்புச் சட்டம் 19,000. கதவு ஒன்று, ஜன்னல் இரண்டு, 12,000. டேங்கர் நீர், கையுறை, சாரம், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 9,000. பொருள் மட்டும் ஏறத்தாழ 1,68,000. கூலி, சாப்பாடு சேர்த்தால் 2,25,000. கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு மத்திய அரசு நிர்ணயித்த உதவித்தொகை அப்போது 1,20,000 ரூபாய். மூன்று பெல்ட்டும் மூலைக் கம்பியும் போல்ட்டும் சேர்ந்து கூட்டிய செலவு பதினைந்தாயிரத்துக்குள்தான். பணம் பற்றாக்குறையானால் பூச்சை விடலாம், ஜன்னலில் ஒன்றைக் குறைக்கலாம், இவற்றைக் குறைக்கக் கூடாது.

அடுத்த முறை மாற்றவேண்டியவை என்று நோட்டில் இருப்பவை: வேலை தொடங்கும் முன்பே ஊரில் யார் யாருக்குக் கூலி வேலை போயிற்று என்று பட்டியல் எடுத்து, அவர்களுக்குத் தரக்கூடிய வேலையைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்கு மட்டும் தன்னார்வலரை அழைப்பது. பட்டா இல்லாத குடும்பங்களுக்காக வருவாய்த் துறையில் மனு கொடுத்துத் தொடர்ந்து போய்வர, சட்டம் தெரிந்த தன்னார்வலர் ஒருவரை முதல் வாரத்திலிருந்தே வைப்பது. மண்வெட்டியும் பாண்டும் (மண் சுமக்கும் சட்டி) நன்கொடையாக நிறைய வந்தன. குறைவாக இருந்தவை மட்டம் பார்க்கும் ரசமட்டம், டேப், தூக்குக்குண்டு. ஒரு மனைக்கு இரண்டு ரசமட்டமாவது வேண்டும்.

இன்னொன்று திருகு. இரண்டு ஆண்டு உப்புக்காற்றில் கீழ் விளிம்புத் திருகுகளின் தலையில் துரு படர்ந்திருக்கிறது. நாங்கள் போட்டது மூன்றரை ரூபாய்த் துத்தநாகப் பூச்சுத் திருகு. துருப்பிடிக்காத எஃகுத் திருகு பதினோரு ரூபாய்க்குக் கிடைத்தது, ஒரு வீட்டுக்கு 3,300 ஆனது. நான்கு வீட்டுக்கும் வாங்கியாயிற்று. விளிம்புத் திருகுகளை முதலில், அடுத்து முகடு, பிறகு நடு என்ற வரிசையில், ஒன்றைக் கழற்றியதும் அதே துளையில் புதியதைப் போட்டுக்கொண்டே போகவேண்டும். மொத்தமாகக் கழற்றக்கூடாது. சட்டங்களைப் பற்றவைத்த அதே பட்டறைக்காரரும் ஊரில் இரண்டு இளைஞர்களும் கூலிக்கு இந்த வேலையை எடுத்திருக்கிறார்கள். பங்குனிக்குள் முடித்துவிடுவார்கள்.